சிரிக்காமல் சுமப்பது

செப்டம்பர் 9

வாரநாட்களில் எங்கள் போன்களை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அதனால்தான் இந்த டைரி. பாங்க்காரர்கள் கேம்ப்புக்கு வந்து ஓசியில் கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் 'சேமிப்பே சிறப்பு' என்று அச்சடித்திருக்கிறார்கள். என்னிடம் சேர்ந்திருப்பதெல்லாம் அழுக்கு சாக்ஸ்தான்.

பெயர் சுடலைமணி. வயது பத்தொன்பது. ஊர் வள்ளியூர்ப் பக்கம். உத்தியோகம் விமானப்படையில் அக்னிவீர். முன்னால் அக்னி, பின்னால் சுடலை. கடிதம் வந்த அன்றைக்கே சித்தப்பா சொல்லிவிட்டார்: "நெருப்பும் சுடுகாடும் சேந்தாச்சு, இனி வெறகு மட்டுந்தான் பாக்கி."

நான் விமானம் ஓட்டுவதாக ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் ஓட்டுவது ஒட்டடைக் குச்சி. மீதி நேரத்தில் செரிமோனியல் ஸ்குவாட், அதாவது விழா என்றால் நிற்கிறவர்கள். பெரிய அதிகாரி வந்தால் நிற்போம். போனால் நிற்போம். ஒரேயடியாகப் போனாலும் நிற்போம், அப்போது மட்டும் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு.

அடுத்த மாதம் எட்டாம் தேதி விமானப்படை தினம். அதற்கான அணிவகுப்புப் பயிற்சி நடக்கிறது. முட்டிக்குக் கீழே கால் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை.

செப்டம்பர் 12

எனக்கு ஒரு நோய் உண்டு. எல்லோரும் சத்தமில்லாமல் இருக்கும் இடத்தில் எனக்குச் சிரிப்பு வரும். சின்ன வயதில் பெரியப்பா செத்த வீட்டில் சிரித்து, அழுதுகொண்டிருந்த பெரியம்மாவிடமே அடி வாங்கியவன் நான். வேண்டுமென்று சிரிப்பதில்லை. வயிற்றில் ஆரம்பிக்கும். தும்மல் மாதிரி.

வரிசையில் என் பக்கத்தில் நிற்பவன் சகாய ஜெரோன். குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரன். இந்த நோய் அவனுக்குத் தெரியும். மருந்து கொடுக்க மாட்டான், தீக்குச்சி கொடுப்பான். உதடு அசையாமல் பேசுவது அவனுக்கு வாய்வந்த கலை. 'சாவ்தான்' என்று இந்தியில் கட்டளை வந்தால் அசையாமல் விறைத்து நிற்க வேண்டும். ஜெரோன் அதற்குச் சொல்லும் விளக்கம்: "செத்தவன் மாதிரி நிக்கணும்லா, அதான் சாவ்தான்."

இன்று எங்கள் டிரில் மாஸ்டர் வாரண்ட் ஆஃபீசர் உதயபானு சார் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தார். பாலக்காட்டுக்காரர். இடி மாதிரிக் குரல்.

"லே சுடலை, சாருக்க மீசையில ஒரு இட்லித் துண்டு சாவ்தான்ல நிக்குது பாரு."

பார்த்தேன். நின்றது.

"எடா! ஆரு அது சிரிச்சது?"

"நான் சார்."

"எந்தா தமாஷ்? சொல்லு, நானும் சிரிக்கட்டே."

"தமாஷ் ஒண்ணுமில்ல சார். சந்தோஷம்."

"அப்படியோ? மைதானத்தைச் சுற்றிச் சந்தோஷமாயிட்டு ஓடு. நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

ஓடினேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இன்னொரு ஜோடி பூட்ஸ் சத்தம். ஜெரோன். தானாகப் போய் இட்லி விஷயத்தைச் சொல்லிவிட்டானாம்.

"சாரு என்ன சொன்னாருல?"

"மொதல்ல மீசையத் தொடச்சாரு மக்கா. பொறவு ஓடுன்னாரு."

செப்டம்பர் 16

சவப்பெட்டி தூக்கும் பயிற்சி. நகரத்தில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் ரொம்ப முடியாமல் இருக்கிறாராம். மனிதர் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார், நாங்கள் ஒத்திகை பார்க்கிறோம். கல்யாணத்துக்கு முன்பே சீமந்தம் நடத்துகிற மாதிரி இருக்கிறது என்றேன். ஜெரோன் சிரித்தான். சார் சிரிக்கவில்லை.

பெட்டி தூக்க ஆறு பேர். எல்லோரும் ஒரே உயரம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி சாயும். சுவரில் சாய்த்து நிறுத்தி, தோள் உயரத்துக்குச் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தார்கள். என் கோடும் ஜெரோன் கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. ஆகவே நாங்கள் முன்பக்கத்து ஜோடி. பெட்டியை ஒரு தோளில் வைத்து, உள்பக்கக் கையைப் பக்கத்து ஜோடியின் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் ரெண்டு சிநேகிதர்கள் தோளில் கைபோட்டுக்கொண்டு டீ குடிக்கப் போகிற மாதிரி இருக்கும், மேலே பெட்டி மட்டும் இல்லையென்றால்.

பெட்டிக்குள் மணல் மூட்டைகள். மூட்டைமேல் சாக்பீஸால் மெஸ் சமையல்காரர் பெயரை எழுதி வைத்தேன்.

"ஜெரோன், தோளைத் தாழ்த்து!" என்று சார் கத்திக்கொண்டே இருந்தார். அவனுக்கு வலது தோள் எப்போதும் கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். சின்ன வயதிலிருந்தே துடுப்பைத் தூக்கித் திரிந்த தோளாம்.

செப்டம்பர் 19

பெரியவர் நேற்று இறந்துவிட்டார். இன்று அடக்கம்.

தேசியக்கொடி போர்த்திய பெட்டி. மேலே அவருடைய தொப்பியும் பெல்ட்டும். மெதுநடையில் தூக்கிப் போனோம். அதுவரை நன்றாகத்தான் இருந்தேன். அப்புறம் மலர்வளையம் வைத்தார்கள். ஒவ்வொரு அதிகாரியாக வந்து வைத்து, சல்யூட் அடித்து, பின்னால் நகர வேண்டும். ஒருவர் நகர்ந்தபோது வளையத்தில் ஒட்டியிருந்த அட்டை அவர் முழங்கையில் மாட்டிக்கொண்டு கூடவே போனது. 'ஆழ்ந்த இரங்கல்' என்று முதுகுப் பக்கம் தொங்க, அவர் மிடுக்காக நடந்து போனார்.

எனக்கு வயிற்றில் ஆரம்பித்தது. பல்லைக் கடித்தேன். தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. பெரியவரின் மகள் அதைப் பார்த்துவிட்டு, எல்லாம் முடிந்ததும் என்னிடம் வந்து, "எங்கப்பாவைப் பாத்தது கூட இல்ல, நீங்க இப்படி அழறீங்களே தம்பி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

உதயபானு சாரை ஏமாற்ற முடியாது. வண்டியில் ஏறும்போது தாழ்ந்த குரலில் சொன்னார்: "அந்தப் பெண்குட்டிக்கு அது அழுகை. எனக்கு என்னன்னு தெரியும். இனி ஒருக்கல் பெட்டிக்குப் பக்கத்தில் நீ சிரிச்சா, அந்த வரிசையில் உனக்கு இடமில்லை."

அவர் கத்தாமல் பேசி நான் கேட்டதே இல்லை.

செப்டம்பர் 22

மலையில் நிலச்சரிவு. விடாத மழை. நிவாரணப் பொருள் ஏற்றிக்கொண்டு எங்கள் கேம்ப்பிலிருந்து லாரிகள் போகின்றன. மூட்டை இறக்க ஆள் கேட்டார்கள். ஜெரோன் பெயரும் வந்தது, என் பெயர் வரவில்லை.

"கடலப் பாத்துப் பாத்துக் கண்ணே உப்பாயிட்டு மக்கா. மலைய ஒருக்கப் பாத்துட்டு வாரேன்."

"மலை ஒம்மேல வுழுந்துராமப் பாத்துக்க."

"வுழுந்தா தாங்கிப் பிடிக்கேன். தோளு ஏறித்தான இருக்கு."

என் மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கேட்கவில்லை.

செப்டம்பர் 23

மழை. துணி காயவில்லை. மெஸ்ஸில் பாகற்காய். பக்கத்துக் கட்டில் காலி என்பதால் என் துணியை அங்கேயும் விரித்துப் போட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 24

பித்தளை பக்கிளை பிரேசோ பாலிஷ் போட்டுத் துடைத்தேன்.

செப்டம்பர் 25

நேற்று எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். நிவாரண லாரி திரும்பி வரும் வழியில் மலைப்பாதையில் மண் சரிந்து உருண்டுவிட்டது. ஓட்டியவருக்குக் கை முறிவு. ஜெரோன் இறந்துவிட்டான்.

எழுதியாச்சு.

நேற்றுக் காலையில் எல்லோரையும் வரிசையில் நிறுத்திச் சொன்னார்கள். அந்த மாதிரி அமைதியில் எனக்கு என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் பாரக்கின் லோகேஷ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் ஆகவில்லை. பாரக்குக்கு வந்து ஜெரோனின் கட்டிலில் கிடந்த என் துணிகளை எடுத்து மடித்து வைத்தேன். ஈரமாகவே மடித்துவிட்டேன் என்று பிறகுதான் தெரிந்தது.

நாளை மறுநாள் அவன் ஊரில் ராணுவ மரியாதையோடு அடக்கம். பெட்டி தூக்கப் போவது எங்கள் ஸ்குவாட்தான். அவன் இடத்துக்கு தர்மபுரி லோகேஷ். அரை அங்குலம் குள்ளம், பூட்ஸுக்குள் அட்டை வெட்டி வைக்கச் சொன்னார் சார்.

இன்று மதியத்துக்கு மேல் ஒத்திகை. மணல் மூட்டைகளை எடுத்து வந்தோம். எத்தனை மூட்டை வைப்பது என்று சார்ஜென்ட் கேட்டார். ஜெரோன் எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியும். போட்டி போட்டு முதுகில் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். நானே எடுத்து அடுக்கினேன்.

தூக்கினோம். தோளில் வைத்தோம். நடந்தோம். லோகேஷ் பக்கம் பெட்டி இறங்கியது. உதயபானு சார் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து, வாய்ப் பழக்கத்தில், அதே இடிக்குரலில் கத்தினார்:

"ஜெரோன், தோளைத் தாழ்த்து!"

மரத்தில் இருந்த காக்காகூடச் சத்தம் போடவில்லை. சார் கையைத் தூக்கியபடியே நின்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை.

அப்போது எனக்கு ஆரம்பித்தது. வயிற்றிலிருந்து. பல்லைக் கடித்தேன், நிற்கவில்லை. சத்தமாக, பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டே, மூச்சு முட்டச் சிரித்தேன். பெட்டி ஆடியது. பின்னால் இருந்தவர்கள் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். இறக்கி வைத்தார்கள். நான் தரையில் உட்கார்ந்தும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

சார் வந்தார். திட்டவில்லை. "ரூமுக்குப் போ" என்றார். "அடக்கத்துக்கு நீ வரண்டா, வேண்டாம். அவன் அம்மா முன்னாடி இது நடந்தா, அந்த ஸ்திரீ சாகும் வரை மறக்காது."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அதுதான் கஷ்டம்.

செப்டம்பர் 26

காலையிலேயே சார் அறை வாசலில் போய் நின்றேன்.

"சார், நானும் தூக்கணும்."

"முடியாது எடா."

"சார், அவன் முன்னால என் ஜோடி. வேற ஆளுவ தூக்குனா அவனுக்குக் கூச்சமா இருக்கும் சார்."

சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மேசைமேல் ஜெரோனின் தொப்பி இருந்தது, பெட்டியின்மேல் வைப்பதற்காக. அதன் சின்னம் மங்கியிருந்தது.

"இதைப் பாலிஷ் போட்டுக் கொண்டா. பின்னெ மைதானத்துக்கு வா."

போட்டேன். பிரேசோ கண்ணில் பட்டுவிட்டது. அது பட்டால் நெடுநேரம் எரியும்.

மைதானத்தில் என்னைத் தனியாகச் சாவ்தானில் நிறுத்தினார். ஸ்குவாட் முழுவதையும் என் எதிரில் வரவைத்தார். "இவனைச் சிரிக்க வையுங்கள். யார் வேணும்னாலும். எப்படி வேணும்னாலும்."

எங்கள் பாரக்கில் ஜோக்குக்குப் பஞ்சமே கிடையாது. எதிரே நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தன் நாக்கைத் துருத்திக் காட்டினான். இன்னொருத்தன் சார் நடப்பது மாதிரி நடந்து காட்டினான், சார் கண்முன்னாலேயே. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசியாக லோகேஷ் முன்னால் வந்தான்.

"ஒரு நாளு நம்ம ஜெரோன் மெஸ்ஸுல போயி, அண்ணே, இந்தச் சப்பாத்திய..."

அவ்வளவுதான். முடிக்க முடியவில்லை. நின்ற இடத்திலேயே குலுங்கிக் குலுங்கி அழுதான். வேறு யாரும் வரவில்லை.

நான் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொடிக்கம்பத்தின் அடியில் பெயிண்ட் உரிந்திருந்தது.

சார் ரொம்ப நேரம் என் முகத்துக்கு நேரே நின்றார். "முன்வரிசை, வலப்பக்கம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

செப்டம்பர் 28

நேற்று நடந்தது.

விடிந்ததும் கிளம்பினோம். வழியெல்லாம் வெயில். ஊருக்குள் நுழையும்போதே கடல் சத்தமும் கோயில் மணியும் சேர்ந்து கேட்டன. சர்ச்சுக்கு அங்கே 'கோயில்' என்றுதான் பெயர். ஊரே மணலில் நின்றது. அன்றைக்கு யாரும் கடலுக்குப் போகவில்லையாம்.

ஜெரோனின் அம்மா வாசலில் நின்றிருந்தார். ஒல்லியாக, நெட்டையாக. பெட்டியை வீட்டுக்குள் கொண்டுபோய் இறக்கியபோது, பக்கத்தில் ஒரு அம்மாள் சொன்னது கேட்டது: "அவனுக்க அப்பன் புயலோட கடலுக்குள்ள போனப்ப அள்ளிப் போடப் பிடி மண்ணுக்கும் வழியில்ல. இவனுக்காவது பெட்டி வந்துதே."

கோயிலில் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பும்போது ஒரு சிக்கல். நாங்கள் ஆறு பேரும் போய் நின்றோம். ஊர் ஆம்பிளைகளும் வந்து நின்றார்கள்.

"எங்க புள்ளைய நாங்க தூக்குதோம். இது ஊர் மொற" என்றார் தாடி வைத்த ஒருவர்.

"இது படையின் முறை" என்றார் சார்.

"நீங்க தூக்குனா அவன் படைக்காரன். நாங்க தூக்குனாத்தான் அவன் எங்க புள்ள. ரெண்டும் வேணும்லா சார்?"

கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டத்து வாசல் வரை ஊர்க்காரர்கள், வாசலிலிருந்து குழி வரை நாங்கள் என்று முடிவாயிற்று. அவர்கள் தூக்கினார்கள். நெட்டை, குட்டை, வயசாளி, பொடியன் எல்லாம் கலந்து. பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தேதான் போனது. பக்கத்தில் நடந்த உதயபானு சார் அதைப் பார்த்தார். பார்க்காத மாதிரி நடந்தார்.

வாசலில் எங்கள் தோளுக்கு வந்தது. லோகேஷின் தோளில் கையைப் போட்டேன். மணலில் பூட்ஸ் புதைந்தது. மைதானத்தில் பழகிய மெதுநடை மணலில் வரவே இல்லை. கன்னத்தில் பெட்டியின் பலகை உரசியது. நான் அடுக்கிய மூட்டைக் கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது. அதே கனம்.

இறக்கினோம். மலர்வளையம் வைத்தார்கள். 'ஷோக் சஸ்த்ர' என்று கட்டளை வந்தது. ஷோக் என்றால் சோகம். துப்பாக்கிக்காரர்கள் துப்பாக்கியைத் தலைகீழாகத் திருப்பி, அதன்மேல் கை வைத்துத் தலையைக் கவிழ்த்தார்கள். வானத்தை நோக்கிச் சுட்டபோது சின்னப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு கத்தின. பியூகிள் ஊதினார்கள். அது முடிந்ததும் அமைதி. அலைச் சத்தம் மட்டும்.

என் நோய்க்கு இதைவிடத் தோதான இடம் உலகத்திலேயே கிடையாது. சார் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். லோகேஷும் ஓரக்கண்ணால் பார்த்தான். நான் கல் மாதிரி நின்றேன். ஒரு நரம்புகூட ஆடவில்லை. ஆறு பேரும் கொடியை எடுத்தோம், விறைப்பாக மடித்தோம். அதிகாரி கொடியையும் தொப்பியையும் ஏந்திப்போய் ஜெரோனின் அம்மாவிடம் கொடுத்துவிட்டு சல்யூட் அடித்தார். நாங்கள் திரும்பி வரிசையில் நின்றோம். சாவ்தான்.

அந்த அம்மா அழவில்லை. கொடியை இடுப்பில் குழந்தையைப் போல் இடுக்கிக்கொண்டு எங்களிடம் வந்தார். இது எந்த ஒத்திகையிலும் வராதது. வரிசையின் அந்தக் கோடியிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இதுல ஆரு மக்களே சுடலை?"

சாவ்தானில் நிற்கிறவன் பதில் சொல்லக் கூடாது.

"எனக்க மவன் போன்ல சொல்லுவான். அம்மா, இங்க சிரிப்பான் ஒருத்தன் உண்டு, அவனாலதான் எனக்கு இங்க நாளு போவுதுன்னு. அந்தப் புள்ள வரேலியா?"

லோகேஷிடம் வந்தார். அவன் கண் நிறைந்து நின்றது. "நீயா மக்களே?" என்றார். அவன் அசையவில்லை. அடுத்து என்னிடம் வந்தார். மூச்சு முகத்தில் படுகிற தூரம். என்னைப் பார்த்தார். நான் அவர் தலைக்கு மேலே தெரிந்த ஒரு சிலுவையைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றையும் காட்டாமல் நிற்பது எப்படி என்று முந்தாநாள்தான் கற்றுக்கொண்டேன், நன்றாகவே கற்றிருந்தேன். என்னிடம் "நீயா" என்றுகூட அவர் கேட்கவில்லை.

"வரேல போல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு திரும்பிப் போனார்.

மண் போட்டார்கள்.

வண்டிக்கு வந்தோம். எல்லோரும் ஏறினார்கள். அதிகாரியின் கார் கிளம்பிப் போய்விட்டது. உதயபானு சார் லாரியின் பின்கதவைப் பிடித்தபடி நின்றார். நான் ஏறக் காலைத் தூக்கினேன்.

"நல்ல டிரில்" என்றார். "ஒரு குறையும் இல்லை." அப்புறம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "டிரைவர் சாயா குடிக்கட்டும். நீ போய்ட்டு வாடா" என்றார்.

வீட்டு முற்றத்தில் பெண்கள் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அவர். கொடி மடியில் இருந்தது.

"நாந்தான்மா சுடலை."

நிமிர்ந்து பார்த்தார். "அங்கன நின்னியே, நீயா?"

"ஆமாம்மா."

"கேட்டேன்லா மக்களே. ஏன் சொல்லேல?"

"அங்க பேசக் கூடாதும்மா."

அவர் என் கையைப் பிடித்துத் தரையில் உட்கார வைத்தார். "இங்க பேசலாம்லா. எனக்க மவன் செஞ்ச சேட்டை ஒண்ணு சொல்லு. இவளுவ காலையிலேந்து நல்ல புள்ள, நல்ல புள்ளன்னு சொல்லிச் சொல்லி, ஆரையோ சொல்லுத மாதிரி இருக்கு."

அதனால் நாய்க் கதையைச் சொன்னேன். யாராவது படித்தால் நாயைக் கேம்ப்பை விட்டு விரட்டிவிடுவார்கள் என்று இங்கே இதுவரை எழுதாத கதை.

கேம்ப்பில் ஒரு செவலை நாய் உண்டு. ஜெரோன் அதற்கு ரகசியமாக டிரில் சொல்லிக்கொடுத்தான். சாவ்தான் என்றால் நிற்கும், 'தம்' என்றால் நடையை நிறுத்தும். போன மாதம் பெரிய அதிகாரி பார்வையிட வந்தார். நாங்கள் மூச்சு விடாமல் நிற்கிறோம். அதிகாரி நடக்கிறார், அவருக்குப் பின்னால் உதயபானு சார், அவருக்கும் பின்னால் வாலைத் தூக்கிக்கொண்டு நாய். சார் "தம்!" என்றார். அதிகாரி நிற்க, சார் நிற்க, நாயும் நின்றது. அதிகாரி திரும்பிப் பார்த்துவிட்டு, "இந்த மொத்த ஸ்குவாட்டிலும் இவன் ஒருத்தன்தான் சரியாக நிற்கிறான்" என்றார்.

முக்காட்டுக்குள் யாரோ களுக்கென்றார்கள்.

"நாய்க்கு எப்படி மக்களே டிரில் படிப்பிச்சான்?"

"நீங்க அனுப்புவீங்கல்லாம்மா, நெத்திலிக் கருவாடு. ஒரு சாவ்தானுக்கு ஒரு நெத்திலி."

அவர் வாய் திறந்தபடி இருந்தது. "பாவிப் பய! வெயில்ல கெடந்து நான் காயப்போட்டு அனுப்புனத நாய்க்கா போட்டான்? நல்லாருந்துச்சும்மா, இன்னும் அனுப்பு, இன்னும் அனுப்புன்னு கேட்டானே! நானும் எனக்க புள்ள வயிறாரத் திங்கான்னுலா..."

அப்புறம் சிரித்தார். சேலையை வாயில் பொத்திக்கொண்டு, மூச்சை உள்ளே இழுத்து இழுத்து, ஒரு தோள் மட்டும் மேலே ஏறிக் குலுங்க. ஜெரோன் அப்படித்தான் சிரிப்பான். பக்கத்துப் பெண்களும் சிரித்தார்கள். தாடிக்காரர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, என்ன ஏது என்று தெரியாமல் அவரும் சிரித்தார். இழவு வீடு முழுக்கச் சிரித்தது.

நான் மட்டும் சிரிக்கவில்லை. பிறகு என்ன ஆனது என்பதை எழுத முடியாது. என் தலை அந்த அம்மாவின் மடியில், அந்தக் கொடியின்மேல் இருந்தது. கொடி நனையக் கூடாது. அது விதி.

வெளியே லாரி ஹாரன் அடிக்கவே இல்லை.

அக்டோபர் 8

விமானப்படை தினம். பந்தல், பேண்டு வாத்தியம், குடும்பங்கள், ஐஸ்கிரீம் வண்டி. தலைக்கு மேல் விமானங்கள் போயின. சிறப்பு விருந்தினர் சல்யூட்டை ஏற்றுக்கொண்டிருந்தபோது, அவருடைய பேத்தி மேடையேறி, அவருக்கு முன்னால் நின்று, மூக்கில் விரலை விட்டுக்கொண்டே இன்னொரு கையால் எங்களுக்கு சல்யூட் அடித்தது.

வரிசை முழுவதும் சிரிப்பை அடக்கி விம்மியது. பக்கத்தில் லோகேஷ் உதட்டைக் கடித்துக்கொண்டு குலுங்கினான். பின்னால் ஒருத்தன் இருமுகிற மாதிரி சமாளித்தான்.

அணிவகுப்பு கலைந்ததும் உதயபானு சார் என்னிடம் வந்தார். லோகேஷைத் திட்டவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"எடா, அந்தக் குட்டியைப் பார்த்தாயோ?"

"பாத்தேன் சார்."

"நீ சிரிக்கலையா?"

"இல்ல சார்."

கொஞ்ச நேரம் நின்றார். இன்னும் ஏதோ வரும் என்று காத்திருக்கிறவர் மாதிரி. பிறகு என் தோளில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு, நாற்காலிகளை அடுக்கச் சொல்லிப் போனார்.

அடுக்கினேன்.